உப்பில்லாக் கஞ்சி

ஜூலை 4, ஞாயிறு

பிள்ளைகளை விளையாட விடுவது ஆபத்தா, விடாமல் வீட்டில் வைத்திருப்பது ஆபத்தா? தர்மராஜ் இன்று என்னிடம் கேட்டது இதைத்தான். தெரியவில்லை என்றேன். அவர் சிரித்தார். இத்தனை வருடம் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள் தெரியவில்லை என்று சொன்னால் அதை அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அடக்கம் இல்லை. உண்மையிலேயே தெரியவில்லை.

தர்மராஜ் உரக்கடை வைத்திருப்பவர். எங்கள் ஊர்ப் பெண்கள் கபடிக் குழுவுக்கும் அவர்தான் செயலாளர். என் மகள் ரூத் அந்தக் குழுவில் ஆடுகிறாள். கொரோனாவால் ஏப்ரலில் நின்றுபோன பயிற்சியைத் திரும்பத் தொடங்கலாமா என்று பெற்றோர் கூட்டம் போடுகிறாராம்.

"நீங்க வந்து நாலு வார்த்தை சொல்லணும் மேடம். நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க."

"வேண்டாம்னு சொன்னா?"

"அதையும் கேப்பாங்க. அதனாலதான் சொல்லுதேன், வேண்டாம்னு சொல்லிராதீங்க."

வீட்டுக்கு வந்து துணி ஊறவைத்தேன். ஆன்லைன் தேர்வின் விடைத்தாள்கள் ஒரு கட்டு பாக்கி இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே தப்பு, ஒரே இடத்தில்.

ஜூலை 7, புதன்

மைதானத்தில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் கூட்டம். நாற்காலிகளை இடைவெளி விட்டுத்தான் போட்டிருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் ஆளாளுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கிவிட்டார்கள். முகக்கவசம் எல்லாரிடமும் இருந்தது. பாதிப் பேருக்குத் தாடையில்.

எழுதிக்கொண்டு போனதைப் படித்தேன். இந்த வயதில் நோய் முற்றுவது அரிது. ஆனால் பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். கபடி மற்ற ஆட்டம் போன்றதும் அல்ல. எதிரணிக்குள் போகிறவள் ஒரே மூச்சில் 'கபடி கபடி' என்று சத்தமாகப் பாடிக்கொண்டே போக வேண்டும். ஏழு பேர் சேர்ந்து அவளைக் கட்டிப் பிடிக்க வேண்டும். தொற்று பரவுவதற்கென்றே உட்கார்ந்து யோசித்து ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தால் இதைத்தான் கண்டுபிடிக்க முடியும். இதைச் சொன்னதும் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

பேச்சிமுத்து எழுந்தார். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அவருடைய மகள் இசக்கிதான் அணியில் சிறந்தவள்.

"மேடம், நீங்க சொல்லுதது எல்லாம் சரி. பள்ளிக்கூடத்த மூடுனதுல இருந்து எம் பிள்ள தீப்பெட்டி ஆபீஸ்ல லேபிள் ஒட்டுதா. ஒரே ஹால்ல அத்தனை பொம்பளைங்க. அங்க வராத கொரோனா கிரவுண்டுக்கு மட்டும் வந்திருமா?"

"அங்கேயும் வரும்."

"அப்ப ரெண்டும் ஒண்ணுதான மேடம். ஒரு பக்கம் லேபிளு, இன்னொரு பக்கம் ஹாஸ்டலு."

ஆபத்துகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதில்லை, கூடுகின்றன என்று சொல்லியிருக்கலாம்.

அவர் சொன்ன ஹாஸ்டல் இது: ஆகஸ்ட் 22 அன்று மண்டலத் தேர்வு. குழுக்கள் மோதும், தேர்வாளர்கள் பார்த்து எடுப்பார்கள். எடுக்கப்படும் பிள்ளைக்கு விளையாட்டு விடுதியில் இடம். சாப்பாடு, படிப்பு இரண்டும் அவர்கள் பொறுப்பு. இசக்கிக்கு நவம்பரில் பதினாறு முடிகிறது. அடுத்த வருடம் இந்தப் பதினாறு வயதுப் பிரிவில் ஆட முடியாது. ரூத்துக்குப் பதினான்குதான். அவளுக்கு அடுத்த வருடம் உண்டு, என் சம்பளமும் உண்டு.

கடைசியில் தொடங்கலாம் என்றேன், நிபந்தனைகளோடு. வெளி ஆள் வரக்கூடாது. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். ஆடாத நேரம் முகக்கவசம். சத்தம் போட்டுப் பாடக்கூடாது. ஒருத்திக்கு அறிகுறி தெரிந்தாலும் அன்றே சொல்ல வேண்டும். குழு முழுவதும் நிற்க வேண்டும், எந்த நாளாக இருந்தாலும்.

"ஒருத்திக்காக எல்லாரையுமா?" என்றார் தர்மராஜ்.

"ஒருத்திக்கு வந்தா மத்தவங்களுக்கும் வந்திருக்கும். வெளிய தெரியத்தான் நாள் ஆகும்."

"பிள்ளைங்க பயந்துக்கிட்டு மறைச்சிரும் மேடம்."

"பிள்ளைங்க மறைக்காது. பெத்தவங்கதான் மறைப்பாங்க."

கோச் பாக்கியம்தான் முதலில் கையைத் தூக்கினார். "எனக்குச் சம்மதம்." இரண்டு பெற்றோர் மட்டும் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று எழுந்து போனார்கள். அவர்கள் பக்கமும் தப்பில்லை.

ஜூலை 8, வியாழன்

ரூத்திடம் சொன்னேன். கட்டிலில் ஏறிக் குதித்தாள். ஒரு பலகை விட்டுவிட்டது.

ஜூலை 12, திங்கள்

முதல் நாள். காலை ஆறு மணிக்குப் போய் வேப்பமரத்தடியில் நின்று பார்த்தேன்.

சத்தமில்லாத கபடி வேடிக்கையாக இருந்தது. பாடிப் போகிறவள் வாயை மூடிக்கொண்டு போகிறாள். நடுவில் மூச்சு விட்டாளா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

"ஏட்டி, மூச்சு விட்டுட்ட!"

"விடல."

"மூக்கு அசைஞ்சுது, நான் பாத்தேன்."

"மூக்கு இருந்தா அசையத்தான் செய்யும்."

எல்லாரும் ஏமாற்றினார்கள், இசக்கியைத் தவிர. அவள் ஏமாற்றவும் இல்லை, ஆடவும் இல்லை. நான்கு தடவை போய் நான்கு தடவையும் பிடிபட்டாள். "சத்தம் வராட்டி காலு வர மாட்டேங்கு கோச்சக்கா" என்றாள். கோச் என் பக்கம் பார்த்தார். நான் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 20, செவ்வாய்

கோச் பாக்கியம் வீட்டுக்கு வந்தார், ரூத்தின் வயதுச் சான்றிதழ் வாங்க. காபி கொடுத்தேன், சர்க்கரை போடாமல். அவருக்குச் சர்க்கரை நோய். தடுப்பூசி ஒன்று போட்டாயிற்று, இரண்டாவது கிடைக்கவில்லை.

அவருடைய கணவர் ஜூன் முதல் வாரத்தில் கொரோனாவில் இறந்தார். துக்கம் கேட்க நான் போகவில்லை. அப்போது யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. இன்று கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அதுக்கப்புறமும் எப்படி உங்களால கிரவுண்டுக்கு வர முடியுது?" என்றும் கேட்டுவிட்டேன்.

கோபப்படவில்லை. "அவரு வாசப்படி தாண்டல மேடம். ரெண்டு மாசம் வீட்டுக்குள்ளயே இருந்தாரு. ரேஷனுக்கும் மாத்திரைக்கும் போய்ட்டு வந்தது நான்தான்." டம்ளரைக் கழுவப் போனார், வேண்டாம் என்று சொல்லியும். கழுவிக்கொண்டே சொன்னார்: "எனக்கு ஒரு நாள் தலைவலி. அவ்வளவுதான் வந்துது."

இந்தப் பெண்மணி ஏன் முதலில் கையைத் தூக்கினார் என்று அவர் போன பிறகு யோசித்தேன். ஆட்டம் வேண்டும் என்பதற்கா, நிபந்தனை வேண்டும் என்பதற்கா?

ஜூலை 25, ஞாயிறு

கட்டில் பலகைக்கு ஆணி அடித்தேன். மஸ்கட்டிலிருந்து ரூத்தின் அப்பா பேசினார். விடுப்பு இல்லையாம், விமானமும் இல்லையாம்.

ஜூலை 30, வெள்ளி

எடை ஒரு புதிய தொல்லை. இந்தப் பிரிவில் ஐம்பத்தைந்து கிலோவுக்கு மேல் இருந்தால் ஆட விடமாட்டார்கள். ஊரடங்கில் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதில் பாதிப் பேர் தாண்டிவிட்டார்கள். தர்மராஜ் கடையில் உரமூட்டை நிறுக்கும் மிஷினில் வரிசையாக ஏறினார்கள். ரூத் ஐம்பத்தெட்டு.

"யூரியா மூட்டையவிட நீ கூட இருக்கட்டி" என்றாள் இசக்கி.

"நீ பாதி மூட்டை. ஓட்டை விழுந்த மூட்டை."

இனி காலைப் பயிற்சி முடிந்ததும் எல்லாருக்கும் மைதானத்திலேயே கொள்ளுக் கஞ்சி, உப்பில்லாமல். மதியமும் இரவும் வீட்டிலும் உப்புக் கூடாது. உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்பது கோச்சின் கணக்கு. முழுக்கத் தவறில்லை. வளர்கிற பிள்ளைகளுக்கு இது தேவையா என்று கேட்டேன். "நானும் இப்படித்தான் மேடம் ஆடுனேன்" என்றார். இது ஆதாரம் அல்ல. ஆனால் மறுப்பதற்கு என்னிடமும் ஆதாரம் இல்லை.

இசக்கிக்கு எடை குறைக்கத் தேவையே இல்லை. ஆனாலும் அவளுக்கும் அதே கஞ்சிதான். "ஒருத்தி உப்புப் போட்டுக் குடிச்சா ஒம்பது பேருக்கும் நாக்கு ஊறும்" என்றார் கோச்.

ஆகஸ்ட் 3, செவ்வாய்

ரூத் கஞ்சியைக் குடித்துவிட்டு முகத்தை எட்டுக் கோணலாக்கினாள். இரவு உப்பில்லாத சாம்பாரை அப்படியே தள்ளி வைத்தாள். "இதுக்கு நான் கொரோனா வந்தே செத்திருவேன்." அப்படிப் பேசாதே என்று அதட்டினேன். அவளுக்குத் துணையாக நானும் உப்பில்லாமல் சாப்பிட்டுப் பார்த்தேன். அவள் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆகஸ்ட் 6, வெள்ளி

இரண்டு விஷயங்கள்.

ஒன்று: சத்தம் போட்டுப் பாட அனுமதித்துவிட்டேன். தேர்வில் நடுவருக்குக் காதில் விழ வேண்டும், பழகாமல் போனால் முதல் மூச்சிலேயே அவுட் கொடுப்பார்கள் என்று கோச் சொன்னார். திறந்தவெளிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சத்தம் திரும்பியதும் இசக்கி எழுந்துவிட்டாள். அந்தப் பெண் 'கபடி' என்று சொல்லவில்லை. பற்களுக்கு நடுவே ஒரு தேனீயை வைத்துக்கொண்டு போவதுபோல ஒரு ரீங்காரம், அது நிற்பதற்குள் நான்கு பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். எனக்கு விளையாட்டு தெரியாது. ஆனாலும் தெரிந்தது.

இரண்டு: இசக்கி பாவாடை மடிப்பில் ஒரு தீப்பெட்டி வைத்திருக்கிறாள். கோச் திரும்பும்போது அதைத் திறந்து கஞ்சியில் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக்கொள்கிறாள், ரூத்துக்கும் ஒரு சிட்டிகை. நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"கோச்சக்காட்ட சொல்லிராதீங்க மேடம்."

"சொல்லல. ஆனா அவளுக்குக் குடுக்காத. அவதான் எடை கூட இருக்கா."

"அவ கெஞ்சுதா மேடம். பாக்கப் பாவமா இருக்கு."

ஆகஸ்ட் 10, செவ்வாய்

ஒரு பிள்ளை பாட்டில் கொண்டுவரவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் வாங்கிக் குடித்தாள். நான் சொல்வதற்குள் குடித்து முடித்துவிட்டாள். நான் போட்ட நிபந்தனைகளை யாரும் உடைக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாள், ஒவ்வொரு நியாயமான காரணத்தோடு, கொஞ்சம் தளர்ந்திருக்கிறது.

ரூத் ஐம்பத்தாறரை.

ஆகஸ்ட் 13, வெள்ளி

ரூத்துக்கு லேசாகத் தொண்டை கட்டியிருக்கிறது. காய்ச்சல் இல்லை. ஒரு வாரமாகத் தொண்டை கிழியப் பாடுகிறார்கள், மைதானம் முழுக்கத் தூசி. வெந்நீர் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 14, சனி

தொண்டை பரவாயில்லை.

ஆகஸ்ட் 17, செவ்வாய்

ரூத் மாறிவிட்டாள். நேற்று இரவும் இன்றும் உப்பில்லாத சோற்றையும் குழம்பையும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். காலையில் கஞ்சிக்கு இசக்கி தீப்பெட்டியை நீட்டியபோது வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிடும் என்று கோச் சொன்னது சரிதான் போல. ஐம்பத்தைந்துக்கு வந்துவிட்டாள்.

கோச் எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார். "பாத்துக்கிடுங்கட்டி. இதுதான் கட்டுப்பாடு. ப்ரொபசர் வீட்டுப் பிள்ளை."

பக்கத்து வீட்டில் மதியம் நெத்திலிக் கருவாடு வறுத்தார்கள். அந்த வாடை வந்தாலே ஜன்னலை ஓங்கிச் சாத்திவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க ஓடுகிறவள், இன்று ஜன்னலோரத்திலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வளர்கிறாள்.

ஆகஸ்ட் 18, புதன்

கோச்சுக்குத் தொண்டை. பாடிக் காட்டிக் காட்டிக் கட்டிவிட்டது என்றார். மிளகு போட்டுக் குடிக்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 20, வெள்ளி

கடைசிப் பயிற்சி. தர்மராஜ் புது ஜெர்ஸி வாங்கி வந்திருக்கிறார், மயில் கழுத்து நிறம். எண்களை அவரவர் வீட்டில் தைத்துக்கொள்ள வேண்டும். ரூத்துக்கு ஐந்து, இசக்கிக்கு ஏழு.

பேச்சிமுத்து ஆட்டோவை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மேடம், அன்னைக்கு ஏதோ எதுத்துப் பேசிட்டேன். மனசுல வச்சுக்கிடாதீங்க" என்றார். "ஹாஸ்டல்ல வாரத்துக்கு ரெண்டு நாள் கறியாம்ல?" இருக்கும் என்றேன். "அவளுக்குக் கறின்னா உசுரு. தேங்காத் துண்டு கிடந்தாக்கூட கறியான்னு தொட்டுப் பாப்பா."

தீப்பெட்டி ஆபீஸில் திங்கட்கிழமையிலிருந்து இசக்கி வரமாட்டாள் என்று சொல்லிவிட்டாராம்.

ஆகஸ்ட் 21, சனி

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். ரூத் அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்து ஜெர்ஸியில் எண் தைத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது படிக்கட்டிலேயே தீய்ந்த வாடை. பால் வழிந்து, வற்றி, பாத்திரம் கரிந்துகொண்டிருந்தது. ரூத் அதற்கு முதுகைக் காட்டி, கை எட்டும் தூரத்தில், ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"ரூத், பால் தீயுது. தெரியலையா?"

திரும்பிப் புகையைப் பார்த்தாள். முதலில் புகையை, பிறகு என்னை. "மூக்கடைப்பும்மா."

மூக்கு அடைத்திருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். கண்ணை மூடச் சொன்னேன். பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகில் பிடித்தேன்.

"என்ன இது?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "விக்ஸா?" என்றாள்.

அடுப்பை அணைத்தேன். அணைத்தேனா என்று இரண்டு முறை பார்த்தேன்.

"எப்போலேர்ந்து?"

"தெரியலம்மா. திங்கக்கிழமையா இருக்கும். கஞ்சிலதான் ஒண்ணுமே இருக்காதே, எப்படித் தெரியும்?"

ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு. காய்ச்சல் இல்லை. அவளை உள்ளறையில் இருக்கச் சொன்னேன். கதவுக்குப் பின்னாலிருந்து பேசினாள்.

"அம்மா, எனக்குக் கால் சுளுக்குன்னு சொல்லிரு. நான் வீட்லயே இருந்துக்கிடுதேன். என் இடத்துல வேற யாராவது ஆடட்டும்."

"ரூத்..."

"நம்ம சொன்னா யாருமே போக முடியாது. நீதானம்மா அந்த ரூல் போட்ட. இசக்கி போகட்டும்மா. அவளுக்கு அடுத்த வருஷம் இல்ல."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மஸ்கட்டுக்குப் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "ஒரு சுளுக்குதானே ஹெப்சி. பிள்ளையவும் அனுப்பல, பொய்யும் பெரிசா இல்ல" என்றார்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ரூத்திடமிருந்து மற்றவர்களுக்குப் போயிருக்கும் வாய்ப்பு. போயிருந்தால் நாளை அது பரவும் வாய்ப்பு. தேர்வுக்கு வருகிற குழுக்கள். திறந்தவெளி என்பதால் இவ்வளவு குறைவு, பிள்ளைகள் என்பதால் இவ்வளவு குறைவு. முதல் விடை மோசமாக வந்தது. எண்களை மாற்றினேன். இரண்டாவது கொஞ்சம் தேவலை. மூன்றாவது தடவை மாற்றியபோதுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. விடை முடிவான பிறகு எண்களைத் தேடுவது. மாணவர்கள் செய்தால் பூஜ்யம் போடுவேன்.

இசக்கிக்கு இந்தத் தாளில் இடமே இல்லை. அவள் திங்கட்கிழமை எங்கே உட்கார்ந்திருப்பாள் என்பதை எந்த எண்ணாகப் போடுவது?

தொண்டை பற்றி ஏதோ ஒரு நாள் எழுதிய ஞாபகம். முந்தைய பக்கங்களைத் திருப்பிப் பார்க்கப் போவதில்லை.

காலை ஐந்தரைக்கு வேன். போன் பக்கத்தில்தான் இருக்கிறது. இப்போதே கோச்சுக்குச் சொல்லலாம். சொல்லவில்லை. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதுவதாலேயே அது உண்மையாகிவிடாது.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

என்ன நடந்ததோ அதை மட்டும் எழுதுகிறேன்.

இரண்டு முகக்கவசம் மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு நடந்து போனேன். வேன் உறுமிக்கொண்டு நின்றது. தர்மராஜ் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் மயில் கழுத்து ஜெர்ஸியில் வரிசையாக நின்றார்கள். கோச் ஒரு பெரிய சட்டியை வேனில் ஏற்றக் காத்திருந்தார். புளிச்சோறு. எடை போட்டு முடிந்ததும் அங்கேயே வயிறார, உப்பும் உறைப்புமாகச் சாப்பிட வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு மூன்று வாரமாக அவர் கொடுத்திருந்த வாக்கு.

"எங்க ரூத்து?" என்றார்.

தள்ளி நின்றே சொன்னேன். "அவளுக்கு மணம் தெரியல, ருசியும் தெரியல. திங்கட்கிழமையிலேர்ந்து. நேத்து சாயங்காலந்தான் எனக்குத் தெரிஞ்சுது."

கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

தர்மராஜ் கையில் ஒரு பழம் மிச்சம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பேச்சிமுத்துதான் பேசினார். கத்தவில்லை.

"பெத்தவங்கதான் மறைப்பாங்கன்னு அன்னைக்குச் சொன்னீங்க மேடம். இன்னைக்கு ஒரு நாளு நீங்களும் மறைச்சிருக்கக் கூடாதா?"

கோச் வேனுக்குப் போய்க் கண்ணாடியைத் தட்டினார். "ஆஃப் பண்ணுப்பா." சத்தம் நின்றது. தர்மராஜ் ஓரமாகப் போய்த் தேர்வு நடத்துகிறவர்களுக்குப் போன் போட்டார். தள்ளி வைக்க முடியாது, வராதவர்கள் வராதவர்கள்தான் என்றார்களாம். நல்லவேளை வரவில்லை என்றும் சொன்னார்களாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து எல்லாருக்கும் சளி மாதிரி எடுக்க வருவதாகச் சொன்னார்கள். அதுவரை யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம் என்று பிள்ளைகளை மைதானத்தில் தள்ளித் தள்ளி உட்கார வைத்தோம். கூட்டத்தன்று நாற்காலிகளுக்கு நடுவே நிலைக்காத இடைவெளி அது.

இசக்கி எனக்கு எதிரே கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். முட்டியில் கட்டியிருந்த பட்டையைக் கழற்றிச் சுருட்டினாள்.

"ரூத்துக்கு ரொம்ப முடியலையா மேடம்?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கா."

"அப்பச் சரி."

சுருட்டிய பட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். அவளுடைய அப்பா ஆட்டோவை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டிருந்தார்.

"இனி எடை என்ன எடை" என்றார் கோச். "சாப்பிடுங்கட்டி." காகிதத் தட்டுகளில் புளிச்சோற்றை வைத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி வந்தார். அவருடைய தொண்டை இன்னும் சரியாகவில்லை. பிள்ளைகள் முகக்கவசத்தை இறக்கிச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

இசக்கி ஒரு வாய் வைத்தாள், நிறுத்தினாள்.

"கோச்சக்கா, உப்பு கூடிட்டு."

"மூணு வாரமா உப்பில்லாம கிடந்துட்டு இப்பச் சாப்பிட்டா அப்படித்தான்ட்டி தெரியும்."

"இல்லக்கா. கைக்குது, அவ்வளவு உப்பு."

மூன்று வாரமாக உப்பில்லாமல் இருந்தவள் இல்லை இசக்கி. அது எனக்குத் தெரியும், ரூத்துக்குத் தெரியும். கோச்சுக்குத் தெரியாது.

கோச் சட்டியிலிருந்து ஒரு கை அள்ளி வாயில் போட்டார். மென்றார். மறுபடி ஒரு கை. கொஞ்ச நேரம் மென்றுகொண்டே நின்றார்.

"காலைல உப்புப் பாத்தேன், ஒண்ணுமே இல்ல. போட மறந்துட்டேன்னு நினைச்சு இன்னொரு தடவல்லா அள்ளிப் போட்டேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

ஒரு தட்டில் நான்கு பருக்கை எடுத்து, திரும்பி நின்று, வாயில் வைத்துப் பார்த்தேன். நாக்கில் வைக்க முடியவில்லை. துப்பினேன்.

இசக்கி தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகள் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தட்டை நீட்டினாள்.